பிளாக்வாட்டர் லைட்ஷிப்: பேஷண்ட் கூட இருக்கிறது யாரு?

கொஞ்சம் நீளமான இழை. ஒரு அயர்லாந்து நாவலைப் பத்தி. டூட்டி இல்லாத நேரத்துல நிதானமா படிங்க.

நாவல் பேரு "தி பிளாக்வாட்டர் லைட்ஷிப்". எழுதினவர் கொலம் டோபீன். 1999ல வந்தது, அந்த வருஷ புக்கர் பரிசோட இறுதிப்பட்டியல்ல இருந்தது. (பரிசு குட்ஸியோட "டிஸ்கிரேஸ்" நாவலுக்குப் போச்சு.) பல பேர் இதை "எய்ட்ஸ் நாவல்"னு சொல்வாங்க. "பிரிஞ்ச குடும்பம் ஒண்ணு சேர்ற கதை"ன்னும் ஒரு லேபிள் ஒட்டிருக்கு. ரெண்டையும் என்னால ஒத்துக்க முடியல.

என்னைப் பொறுத்தவரை இது வேற கதை. அப்பா சாகப் போறார்ங்கறதை ஒரு வீட்டுல பெரியவங்க பிள்ளைங்ககிட்ட சொல்லல. பல வருஷம் கழிச்சும் அந்த வீட்டுல அம்மாவும் மகளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துப் பேச முடியல. எய்ட்ஸ் அந்தப் பழைய காயத்தோட கட்டை அவிழ்க்குது, அவ்வளவுதான்.

கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். முடிவு தெரிஞ்சா கெட்டுப்போற நாவல் இல்ல. ஆனாலும் ஸ்பாய்லர் பிடிக்காதவங்க இங்கயே இறங்கிக்கலாம்.

1990களோட தொடக்கம். ஹெலன் டப்ளின்ல ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. நல்ல கணவர், ரெண்டு சின்னப் பசங்க. ஒரு நாள் முன்பின் தெரியாத ஒருத்தர் வந்து நிக்கிறார். பேரு பால். "உங்க தம்பி டெக்லன் ஆஸ்பத்திரில இருக்கான், உங்களைப் பார்க்கணும்கிறான்"னு சேதி. தம்பிக்கு எய்ட்ஸ். பல வருஷமாவே நோய் இருக்கு, கூடப் பிறந்தவளுக்கு இன்னைக்குத்தான் தெரியுது. அவன் தன்பாலீர்ப்பாளர்ங்கறது அக்காவுக்குத் தெரியும். அம்மாவுக்கும் பாட்டிக்கும் எதுவுமே தெரியாது. அவங்ககிட்ட சொல்ற வேலை ஹெலன் தலையில.

டெக்லன் இன்னொண்ணும் கேட்கிறான். வெக்ஸ்ஃபோர்ட் கடற்கரையில குஷ்னு ஒரு இடம். அங்க இருக்கிற பாட்டி வீட்டுல கொஞ்ச நாள் இருக்கணும்.

அப்படி ஒரே கூரைக்குக் கீழ ஆறு பேர் வந்து சேர்றாங்க. பாட்டி டோரா. அவங்க மகள் லிலி, அதாவது ஹெலனோட அம்மா. ஹெலன். டெக்லன். அவனோட நண்பர்கள் பால், லாரி. மூணு தலைமுறைப் பெண்கள், ஒருத்தருக்கொருத்தர் ஆகாது. ஹெலன் தன் கல்யாணத்துக்கே அம்மாவைக் கூப்பிடல. அதை நாவல் பெரிய சத்தம் போட்டுச் சொல்றது இல்ல. போற போக்குல ஒரு தகவலா வந்து விழும். படிக்கிற நமக்குத்தான் திக்குங்கும்.

ஏன் இவ்வளவு தூரம்? ஹெலன் பள்ளிக்கூடப் பிள்ளையா இருந்தப்போ அப்பாவுக்கு நோய் வந்து டப்ளின் ஆஸ்பத்திரிக்குப் போறார். அம்மா கூடவே போயிடறாங்க. ஹெலனையும் சின்னவன் டெக்லனையும் இதே குஷ் வீட்டுல, இதே பாட்டிகிட்ட விட்டுட்டுப் போறாங்க. மாசக்கணக்குல பிள்ளைங்க அங்க இருக்காங்க. அப்பாவுக்கு என்னன்னு யாரும் உடைச்சுச் சொல்லல. அம்மா வந்து பார்க்கல. பெரியவங்க தாழ்ந்த குரல்ல பேசுவாங்க, பிள்ளைங்க உள்ள வந்தா பேச்சை மாத்துவாங்க. கடைசியில வந்தது அப்பா செத்துட்டார்ங்கற சேதிதான்.

அதுக்கப்புறம் ஒரு காட்சி இருக்கு. ஹெலன் அப்பாவோட துணிகளை எடுத்துக் கட்டில்ல பரப்பறா. சட்டை, கோட்டு, பேன்ட் எல்லாம் அதது இடத்துல. ஒரு ஆள் படுத்திருக்கிற மாதிரி. இந்த நாவல்ல யாராவது செத்தவருக்காக முழுசா துக்கம் அனுபவிக்கிறாங்கன்னா அந்த ஒரு இடத்துலதான். அதையும் ஒரு குழந்தை, யாருக்கும் தெரியாம, தனியா செய்யுது.

இங்கதான் இந்த நாவல் எனக்கு முக்கியமாகுது. அங்க யாரும் கெட்டவங்க இல்ல. லிலி கணவன் பக்கத்துல இருந்தாங்க. டோரா பேரப்பிள்ளைங்களுக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கிட்டாங்க. "பிள்ளைங்க மனசு தாங்காது"ங்கற எண்ணத்துலதான் எல்லாம் நடந்திருக்கும். ஹெலன் கத்துக்கிட்டது வேற பாடம். அன்பு காட்டறவங்க ஒரு நாள் சொல்லாம கொள்ளாம விட்டுட்டுப் போயிடுவாங்க, அதனால யாரையும் முழுசா நம்பிடக் கூடாது. வளர்ந்து, கல்யாணம் பண்ணி, ரெண்டு பிள்ளை பெத்த பிறகும் அந்தப் பாடத்துல இருந்து அவளால வெளிய வர முடியல. கணவன்கிட்ட கூட ஒரு கதவைச் சாத்தியே வச்சிருக்கா.

நாவல் எப்படித் தொடங்குது தெரியுமா? ஹெலனோட சின்ன மகன் ராத்திரி சிணுங்கற சத்தத்துல அவ முழிக்கிறா. எழுந்து போறா. முதல் தடவை படிக்கும்போது சாதாரண வரி. முடிச்சிட்டுத் திரும்பப் படிச்சா தெரியும், தனக்குக் கிடைக்காத ஒண்ணைத்தான் அவ அங்க மகனுக்குக் கொடுத்துட்டு இருக்கா.

இப்போ டோபீன் பத்தி. அவர் பிறந்தது 1955ல, வெக்ஸ்ஃபோர்ட்ல எனிஸ்கார்த்திங்கற ஊர்ல. அப்பா பள்ளி ஆசிரியர். டோபீனுக்கு எட்டு வயசு இருக்கும்போது அப்பா நோயில விழுந்தார். அம்மா அப்பாவோட டப்ளின் போனாங்க. இவரையும் தம்பியையும் ஒரு உறவுக்காரங்க வீட்டுல மாசக்கணக்குல விட்டுட்டாங்க. இவருக்குத் திக்குவாய் வந்தது. பன்னிரண்டு வயசுல அப்பா இறந்துட்டார். இதையெல்லாம் அவரே பல பேட்டிகள்ல வெளிப்படையா சொல்லியிருக்கார்.

இதோட நின்னிருந்தா "எழுத்தாளர் சொந்தக் கதையை எழுதிட்டார்"னு விட்டுடலாம். பதினஞ்சு வருஷம் கழிச்சு, 2014ல, "நோரா வெப்ஸ்டர்"னு இன்னொரு நாவல் எழுதினார். அதே எனிஸ்கார்த்தி. கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண். கணவன் சாகற நாட்கள்ல அவளும் தன் ரெண்டு பையன்களை ஒரு பெரியம்மா முறைக்காரி வீட்டுல விட்டவதான். போய்ப் பார்க்கல. பெரியவனுக்குத் திக்குவாய். அதே சம்பவம்தான், ஆனா இந்தத் தடவை கதை அம்மாவோட தலைக்குள்ள இருந்து போகுது.

பிள்ளையா நின்னு எழுதினப்போ அந்த அம்மா குற்றவாளி. அம்மாவா நின்னு எழுதினப்போ, சாகக் கிடக்கிற புருஷன் ஒரு பக்கம், பசங்க இன்னொரு பக்கம், ரெண்டு இடத்துலயும் இருக்க முடியாத ஒரு சாதாரண மனுஷி. ரெண்டுல எது சரின்னு டோபீன் தீர்ப்பு சொல்லல. ஒரே காயத்தை ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்க்க ஒரு மனுஷனுக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கு. அவரோட நாவல்கள்ல "புரூக்ளின்" தான் நிறைய பேருக்குத் தெரியும், சினிமாவாவும் வந்தது. எனக்கு இந்த ரெண்டும்தான் அவரோட சாதனை.

நண்பர்கள் விஷயத்துக்கு வர்றேன். டாக்டரா எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான்.

வார்டுல நாங்க கேட்கிற முதல் கேள்விகள்ல ஒண்ணு, "பேஷண்ட் கூட அட்டெண்டர் யாரு?" உறவு முறையைத் தெரிஞ்சுக்கிறதுக்காகக் கேட்கிறது இல்ல. ராத்திரி எத்தனை தடவை வாந்தி எடுத்தார், எந்த மாத்திரை ஒத்துக்கல, நேத்துல இருந்து இன்னைக்கு என்ன மாத்தம், இதைச் சொல்லத் தெரிஞ்ச ஆள் யாருன்னு தெரியணும். சில சமயம் நெருங்கின சொந்தம் பத்துப் பேர் நிப்பாங்க, ஒருத்தருக்கும் தெரியாது. மூலையில நிக்கிற ஒருத்தருக்குத் தெரியும்.

குஷ் வீட்டுல அந்த மூலையில நிக்கிறவங்க பாலும் லாரியும். டெக்லனுக்குக் காய்ச்சல் எப்படி ஏறும், எது சாதாரணம், எப்போ உடனே டப்ளினுக்குக் கிளம்பணும், எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. அம்மாவுக்கும் அக்காவுக்கும் அவன் உடம்பைப் பத்தி எதுவும் தெரியாது. லிலிக்கு இது தாங்கல. என் மகன் பக்கத்துல இவங்களுக்கு என்ன வேலைங்கற கோபம். பால் விட்டுக்கொடுக்கல. டெக்லன் கேட்டுக்கிட்டதால வந்திருக்கேன்கிறதுல உறுதியா நிக்கிறார்.

லிலி மேல கோபப்படறது சுலபம். ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வருஷக்கணக்கா மகனுக்கு நோய், ஊர்ல யார் யாருக்கோ தெரிஞ்சிருக்கு, பெத்தவளுக்குக் கடைசியிலதான் சொல்றாங்க. ஒரு காலத்துல அவங்க பிள்ளைங்களுக்குச் செஞ்சது இப்போ அவங்களுக்கே நடக்குது. வேணும்னு யாரும் பழிவாங்கல. அந்த வீட்டோட பழக்கமே அதுதான். கஷ்டமான சேதியை, அது யாரை அதிகமா பாதிக்குமோ, அவங்ககிட்ட கடைசியா சொல்றது.

"சொல்லலன்னா டெக்லன் மேலயும் தப்பு இருக்குதானே?"ன்னு கேட்கலாம். எனக்கு அப்படித் தோணல. நோய் அவனோடது. யாருக்கு, எப்போ, எந்த வரிசையில சொல்றதுங்கறதும் அவனோட உரிமை. (நம்ம நாட்டுல 2017 எச்ஐவி சட்டமும் சம்மதம் இல்லாம அடுத்தவங்களுக்கு வெளிப்படுத்தக் கூடாதுன்னுதான் சொல்லுது. சொந்தக்காரங்க வந்து "எங்ககிட்ட மட்டும் சொல்லுங்க டாக்டர்"னு கேட்டா பதில் அதுதான்.) சாகக் கிடக்கிற நேரத்துல தன் உடம்பைப் பத்தின சேதியை அவன் மறைக்கிறதும், பிள்ளையோட அப்பா சாகப் போறதைப் பெரியவங்க பிள்ளைகிட்ட மறைக்கிறதும் ஒண்ணு இல்ல. அப்பாவோட சாவு அந்தப் பிள்ளைக்கும் சொந்தமான சேதி.

அன்னைய அயர்லாந்தையும் கணக்குல எடுத்துக்கணும். ஆணும் ஆணும் உறவு வச்சுக்கிறது 1993 வரைக்கும் அங்க சட்டப்படி குற்றம். பிரிட்டிஷ் காலத்து 19ஆம் நூற்றாண்டுச் சட்டம். டேவிட் நோரிஸ் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போய் 1988லயே ஜெயிச்சார். அப்புறமும் சட்டத்தை மாத்த அஞ்சு வருஷம் எடுத்துக்கிட்டாங்க. அதுக்கு நடுவுல அதிபர் மேரி ராபின்சன் தன்பாலீர்ப்பாளர் பிரதிநிதிகளை மாளிகைக்கு அழைச்சுப் பேசினாங்க. நாவல்ல லாரி அந்தக் கூட்டத்துல ஒருத்தர். டிவி செய்தியில வந்துடும்னு தெரிஞ்சதும், அதுக்கு முன்னாடி வீட்டுல சொல்லியாகணும்னு அவர் பட்ட அவஸ்தையைச் சொல்ற இடம் சிரிப்பாவும் இருக்கும், தொண்டையும் அடைக்கும். நாட்டோட அதிபர் கூப்பிட்டு டீ கொடுத்துட்டாங்க, அம்மாகிட்ட சொல்ல இன்னும் வாய் வரல.

அதே நாடு 2015ல பொது வாக்கெடுப்பு நடத்தி, 62 சதவீதம் பேர் ஆதரவோட தன்பாலினத் திருமணத்தை ஏத்துக்கிச்சு. இருபத்திரண்டு வருஷத்துல சட்டம் அவ்வளவு தூரம் வந்துடுச்சு. வீட்டுக்குள்ள இருக்கிற மௌனம் வாக்கெடுப்பு வச்சா போயிடாது.

மருத்துவம் பத்தி ஒரு குறிப்பு. இந்த நாவல்ல குணமாகற நம்பிக்கையே இல்லையேன்னு இன்னைக்குப் படிக்கிற இளம் டாக்டர்களுக்குத் தோணலாம். கதை நடக்கிற காலத்தைப் பாருங்க. ஜிடோவுடின் 1987ல வந்தாச்சு. ஆனா ஒத்தை மருந்தா கொடுத்தா வைரஸ் சீக்கிரமே எதிர்ப்பு வளர்த்துக்கும். மூணு மருந்து சேர்த்துக் கொடுக்கிற முறை 1996 வாக்குலதான் பரவலாச்சு. அதுக்கு முன்னாடி டாக்டர்கள் செஞ்சதெல்லாம் ஒவ்வொரு தொற்றா வரவர அடக்கறதுதான். நிமோனியா, கண்ணைத் தாக்கற சைட்டோமெகலோ வைரஸ், நிக்காத பேதி, உடம்பு உருகறது. ரெண்டு மூணு வருஷம் தள்ளி நோய் முத்தியிருந்தா டெக்லன் பிழைச்சிருக்கலாம். இன்னைக்கு ஏஆர்டி மையத்துல மாத்திரை வாங்கி ஒழுங்கா சாப்பிடறவர் கிட்டத்தட்ட எல்லாரையும் போல வயசாகி வாழலாம். வைரஸ் ரத்தத்துல கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நீடிச்சா, உடலுறவு மூலமா அடுத்தவங்களுக்குத் தொத்தாது. இதை இழையோட நடுவுல சொல்றதுக்குக் காரணம், நாவலைப் படிச்சிட்டு யாரும் எச்ஐவின்னா இன்னமும் இதுதான் கதின்னு பயந்துடக் கூடாது.

குறையும் சொல்லணும். டெக்லன் ஒரு பாத்திரமா முழுசா எழுந்து நிக்கல. அவன் தலைக்குள்ள என்ன ஓடுதுன்னு நாவல் காட்டவே இல்ல, எல்லாம் ஹெலன் கண்ணு வழியாத்தான். அவன் ஒரு அறையில படுத்திருப்பான். அவனை வச்சு மத்தவங்க சமையல்கட்டுலயும் கடற்கரையிலயும் தங்கள் பழைய கணக்கைப் பேசிட்டு இருப்பாங்க. எனக்கு இது உறுத்துச்சு. அதே சமயம் ரவுண்ட்ஸ் ஞாபகமும் வந்துச்சு. கட்டிலைச் சுத்தி நின்னு பத்துப் பேர் பேசுவோம், படுத்திருக்கிறவர் மட்டும் மேல ஃபேனைப் பார்த்துட்டு இருப்பார். ஆசிரியர் தெரிஞ்சே அப்படி வச்சாரான்னா, இல்லைன்னுதான் நினைக்கிறேன். டெக்லனுக்கு இன்னும் இருபது பக்கம் கொடுத்திருக்கலாம்.

நடை ரொம்ப எளிமை, தட்டையா இருக்குன்னு சிலர் குறைப்பட்டுப்பாங்க. எனக்கு அது சரின்னு படுது. உணர்ச்சியை வெளிய காட்டாத மனுஷங்களைப் பத்தின நாவல்ல வாக்கியங்கள் அழுதுட்டு இருந்தா அது பொய். டீ போடறாங்க, பெட்ஷீட் மாத்தறாங்க, சூப் வைக்கிறாங்க, யார் எந்த அறையில படுக்கிறதுன்னு பேசறாங்க. "உன் மேல பாசம் வச்சிருக்கேன்"னு யாரும் சொல்றது இல்ல. பெட்ஷீட்டை மாத்தறாங்க. கடைசிப் பகுதியில வலி முத்தி டெக்லன் சின்னப் பிள்ளை மாதிரி அம்மாவைக் கூப்பிடும்போது லிலி போய்ப் பிடிச்சுக்கிறாங்க. அத்தனை பக்கம் பொறுமையா எளிமையா எழுதினதோட பலன் அந்த ஒரு இடத்துல கிடைக்குது.

தலைப்புக்கு வர்றேன். லைட்ஷிப்னா கலங்கரை விளக்கு வச்சு நங்கூரம் போட்டு நிறுத்தின கப்பல். அந்தக் கடற்கரையில ஒரு காலத்துல ரெண்டு வெளிச்சம் இருந்துச்சு. ஒண்ணு டஸ்கர் பாறைக் கலங்கரை விளக்கம், இன்னொண்ணு பிளாக்வாட்டர் லைட்ஷிப். சின்ன வயசுல லிலி அதுல ஒண்ணை ஆணாவும் இன்னொண்ணைப் பெண்ணாவும் நினைச்சுக்கிட்டு, ரெண்டும் இருட்டுல ஒண்ணை ஒண்ணு கூப்பிட்டுக்குதுன்னு நம்பியிருக்காங்க. லைட்ஷிப்பை எப்பவோ எடுத்துட்டாங்க. டஸ்கர் மட்டும் இன்னும் எரியுது. இதைச் சொல்றது லிலி, கேட்டுட்டு இருக்கிறது ஹெலன். புருஷனை இழந்த ஒரு அம்மா தன் துக்கத்தைப் பத்தி மகள்கிட்ட இவ்வளவு கிட்ட வந்து பேசறது வேற எங்கயும் இல்ல. ஹெலனுக்கு அது முழுசா போய்ச் சேர்ந்துச்சான்னு நாவல் சொல்லல.

இதைப் படிச்ச பிறகு ஒரு விஷயத்துல என் கருத்து இன்னும் கெட்டியாச்சு. அப்பாவோ அம்மாவோ தீராத நோயில படுத்திருக்கும்போது, பிள்ளைங்களை ஊருக்கு, அத்தை வீட்டுக்கு, பாட்டி வீட்டுக்கு அனுப்பிடறோம். "பரீட்சை இருக்கு", "சின்னப் புள்ள, என்ன தெரியும்"னு காரணம் சொல்றோம். அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைக்குச் செத்தவர் திரும்பி வரமாட்டார்ங்கறது முழுசா புரியாம போகலாம். எட்டு, ஒன்பது வயசுப் பிள்ளைக்கு நல்லாவே புரியும். சொல்லலன்னா அது தானா ஒரு காரணத்தைக் கண்டுபிடிச்சுக்கும். பெரும்பாலும் அந்தக் காரணம் "நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்"ங்கறதாத்தான் இருக்கும்.

நீளமா எதுவும் சொல்ல வேண்டாம். அப்பாவுக்கு என்ன நோய், அதோட பேர் என்ன, டாக்டர்கள் என்ன செய்றாங்க, சரியாகாம போகலாம், இது உன்னால வந்தது இல்ல, நீ யார்கிட்ட வேணும்னாலும் கேட்கலாம். "தூங்கறார்", "வெளியூர் போயிருக்கார்" வேண்டாம். பிள்ளை வந்து பார்க்கணும்னு கேட்டா, டியூப், மெஷின் எல்லாம் எப்படி இருக்கும்னு முன்கூட்டியே சொல்லிட்டு ஒரு பத்து நிமிஷம் கூட்டிட்டு வாங்க. வார்டு ரூல்ஸ்ல சின்னப் பிள்ளைங்களுக்கு அனுமதி இல்லைன்னா டூட்டி டாக்டரையோ சிஸ்டரையோ கேளுங்க, வழி இருந்தா செஞ்சு தருவாங்க. வர மாட்டேன்னா வற்புறுத்தாதீங்க. கூட இருக்கிறவரால வீட்டுக்குப் போக முடியலைன்னா ராத்திரி ஒரு ஃபோன். லிலிக்கு அதுகூட தோணல, இல்ல முடியல. எதுன்னு நமக்குத் தெரியாது. பிள்ளைக்குத் தெரிஞ்சதெல்லாம் அம்மாகிட்ட இருந்து பேச்சு வரலங்கறதுதான்.

முடிவுல டெக்லன் டப்ளின் ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போறான். அவன் பிழைக்க மாட்டான்னு எல்லாருக்கும் தெரியும். லிலி அன்னைக்கு முதல் முறையா ஹெலன் வீட்டுக்குள்ள வர்றாங்க. பெரிய அழுகை இல்ல, காலைப் பிடிச்சு மன்னிப்பு இல்ல. ஒரு டீ. இனிமே அப்பப்போ வந்துட்டுப் போகலாமாங்கற அளவுல ஒரு பேச்சு. இதைத்தான் "குடும்பம் சேர்ந்துடுச்சு"ன்னு சொல்றாங்க. கதவு திறந்திருக்கு, அவ்வளவுதான் எனக்குத் தெரியுது.

படிக்கிறவங்க லைட்ஷிப்பை முதல்ல படிங்க. லிலி மேல வந்த கோபம் ஆறுறதுக்குள்ள நோரா வெப்ஸ்டரை எடுங்க. 2004ல வந்த டிவி படமும் இருக்கு, பாட்டியா ஏஞ்சலா லான்ஸ்பரி நடிச்சது. அதை நாவல் முடிச்சப்புறம் பார்த்துக்கலாம்.